வீரம்மாள் யார் பக்கம்

ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது கிருஷ்ணவேணி டீச்சர் கேட்டுக்கு வெளியே குடையோடு நின்றிருந்தார். என் மனைவி ஜாக்குலின் வேலை பார்த்த பள்ளியில் அவர் கணக்கு டீச்சர். அவள் அடக்கத்தன்று கல்லறை வரை வந்தவர். அதன் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன்.

"ஒரு உதவி தம்பி. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடு. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

உள்ளே வரச் சொன்னேன். நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டேன். அவர் அதைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுக்காரரு சுயேச்சையா நிக்கப் போறேன்னு சொல்லிக்கினு இருக்காரு."

அவர் கணவர் ஜெகதீசனைத் திண்டிவனத்தில் தெரியாதவர்கள் குறைவு. 1993இல் கட்சியில் சேர்ந்தவர். இரண்டு முறை நகராட்சி உறுப்பினர். இடையில் கட்சி ஆட்சிக்கு வந்தது, போனது. அவர் மட்டும் எப்போதும் எதிர்க்கட்சிக்காரராகவே இருந்தார். ஆட்சியில் இருந்தபோது சொந்தக் கட்சிக்கே எதிர்க்கட்சி. இந்தத் தேர்தலில் தனக்குத்தான் சீட்டு என்று இருந்தார். கட்சி அதை விழுப்புரத்துக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டது.

"நின்னா கட்சிய வுட்டு எடுத்துடுவாங்க தம்பி. எடுத்துட்டா இந்த மனுஷன் இன்னா பண்ணுவாரு? காலைல கொடிக்கம்பத்துகிட்ட போய் நின்னாத்தான் அவருக்கு டீயே எறங்கும். வேற ஒண்ணும் தெரியாது. பொழுதுபோக்குன்னு ஒரு சீட்டாட்டம்கூட கத்துக்கல."

"நான் என்ன செய்யணும் டீச்சர்?"

"ஃபேஸ்புக்ல பதினெட்டாயிரம் பேரு எம் பின்னால இருக்கான்னு சொல்றாரு. எங்க பொண்ணு கலைப்பிரியா மெட்ராஸ்ல இருந்துகினு அந்தப் பேஜ நடத்துது. அந்தப் பதினெட்டாயிரமும் யாருன்னு அதுக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. நீ ஸ்டாடிஸ்டிக்ஸ் வாத்தியாரு. யாரு அவங்க, வயசு இன்னா, வேலை இன்னா, ஓட்டு போடுவாங்களா மாட்டாங்களா, பாத்துச் சொல்லு. நாமினேஷனுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்குது. நீ சொன்னா கேப்பாரு."

"நான் சொன்னா ஏன் கேப்பாரு?"

டீச்சர் என்னைப் பார்த்தார். "உனக்கு இதுல ஒண்ணும் வேணாம். உம் மூஞ்சியப் பாத்தாலே தெரியும்."

மறுப்பதற்கு ஒரு காரணம் யோசிக்க வேண்டியிருந்தது. ஒப்புக்கொள்வது சுலபமாக இருந்தது.

மறுநாள் கல்லூரி முடிந்து மயிலத்திலிருந்து திரும்பும் வழியில் ஜெகதீசன் வீட்டுக்குப் போனேன். மரக்காணம் சாலையில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடி. பெரிய உடம்பு, வெள்ளைச் சட்டை. போனைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துத்தான் படிக்க முடிந்தது அவருக்கு.

"பாரு அருணு. நேத்து ஒண்ணு போட்டேன். ஆயிரத்து எழுநூறு லைக்கு."

பார்த்தேன். "இது மல்லாட்டை விலைங்க."

"நான் போட்ட மல்லாட்டை விலைப்பா."

தினமும் கமிட்டியில், அதாவது அரசு விற்பனைக் கூடத்தில், நிலக்கடலை என்ன விலைக்குப் போனது என்பதை அவர் போனில் கேட்டு மகளுக்குச் சொல்வார். அவள் ஃபேஸ்புக் பக்கத்தில் போடுவாள். அதே மாதிரி மின்வெட்டு நேரம். நடுநடுவே அவர் பேச்சு, அவர் படம், அரசைக் கண்டித்து ஏதாவது. விலைக்கும் மின்வெட்டுக்கும் ஆயிரக்கணக்கில் லைக் இருந்தது. கண்டனங்களுக்கு இருநூறு, முந்நூறு.

அதைச் சொன்னேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும்பா. வேடிக்க பாக்குறவன் எத்தினி பேரு, நம்ம ஆளு எத்தினி பேருன்னுதான் ஒனக்கு வேல. ஆனா அதுக்கு முன்னால ஒரு காரியம்." போனில் எதையோ தேடினார். "எல்லாரும் ஜே போடுவான். அண்ணன் வாழ்கம்பான். ஒரே ஒரு அம்மா மட்டும் கேள்வி கேக்கும். வீரம்மாள்னு பேரு. இதப் படி."

ஜெகதீசன் துடைப்பத்தோடு ஒரு தெருவில் நின்று கால்வாய் சுத்தம் செய்யும் படம். கீழே நூறு பேர் வாழ்த்தியிருந்தார்கள். நடுவில் வீரம்மாள் எழுதியிருந்தார்: "சார், துடைப்பத்தில் விலைச்சீட்டு இன்னும் தொங்குது. கிழித்துவிட்டுப் பெருக்குங்கள்."

ஜெகதீசன் வயிறு குலுங்கச் சிரித்தார். "மெய்தான்யா. கடையில வாங்கினு நேரா போட்டோவுக்குத்தான் போனேன். பதினெட்டாயிரம் கண்ணுல அந்த ஒரு கண்ணுக்குத்தான் அது தெரிஞ்சிது." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "மழைக்கு அப்புறம் அந்தம்மாவ ஆளக் காணோம். கண்டுபுடி. நின்னா ஓட்டு போடுவியான்னு கேளு. அந்தம்மா நில்லுன்னா நிக்கிறேன். வேணாம்னா வேணாம்."

உள்ளேயிருந்து டீச்சரின் குரல் வந்தது. "கட்டுனவள கேக்காத. மூஞ்சி தெரியாதவள கேளு."

"ஒன்னக் கேட்டா நீ வேணாம்னுதான சொல்லுவ?"

"தெரிஞ்சிகினே கேக்காம இருக்கற பாரு."

அந்த வாரம் வேலையை ஆரம்பித்தேன். முன்பு சென்னையில் ஒரு சர்வே கம்பெனியில் இருந்ததால் முறை தெரியும். பெயர்களைச் சமவாய்ப்பில் எடுக்க வேண்டும், தொடர்புகொள்ள வேண்டும், ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும். மூன்று கட்டம் வைத்துக்கொண்டேன். ஆதரவு, எதிர்ப்பு, தெரியாது.

முதல் சிக்கல் முகங்கள். பாதிப் பேர் தங்கள் படத்துக்குப் பதில் ஜெகதீசன் படத்தையே வைத்திருந்தார்கள். மீதிப் பேர் ரோஜா, குழந்தை, நடிகர். ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை. செய்தி அனுப்பினால் பத்தில் ஒருவர் பதில் போட்டார். அவர்களில் பலர் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். ஒரு வெல்டர் எழுதினார்: "அண்ணனுக்காக உயிரையும் தருவேன். ஆனா ஏப்ரல்ல லீவு தரமாட்டான்." அவரை ஆதரவில் போட்டேன். பிறகு அழித்தேன். மறுபடி போட்டேன்.

உள்ளூரில் இருப்பவர்களை நேரில் பார்க்கக் கிளம்பினேன்.

விழுப்புரத்தில் சீனுவாசன் என்று ஒரு மல்லாட்டை வியாபாரி. ஜெகதீசன் பக்கத்தில் ஒரு நாள் விடாமல் லைக் போடுபவர். கடையில் அவருக்குப் பின்னால் சுவரில் ஆளுங்கட்சித் தலைவர்களின் படங்கள் மாலையோடு இருந்தன. கிளைச் செயலாளராம்.

"நான் போடுறது விலைக்கு சார். ஆளுக்கு இல்ல."

"ஆளைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

"நல்ல ஆளு. சத்தியமா நல்ல ஆளு. எங்க கட்சியில அந்த மாதிரி ஒருத்தன் இல்ல."

"அப்ப ஓட்டு?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நல்ல ஆளுக்கு எதுக்கு சார் ஓட்டு?"

மயிலத்தில் பொறியியல் படிக்கும் ஒரு மாணவன். ஃபேஸ்புக்கில் அவன் பெயர் 'ஜெகதீசன் போர்வாள்'. நிஜப் பெயர் இன்னாசிராஜ். எதிர்த்து எழுதும் எவனையும் விடமாட்டான். நேரில் மிகவும் மெலிந்து, கூச்சமாக இருந்தான். காபி வாங்கிக் கொடுத்தேன்.

"ஓட்டு இருக்கா?"

"இன்னும் பேரு சேக்கல சார். ஃபார்ம் வாங்கி வச்சிருக்கேன்."

"அவர் கட்சி ஆட்சிக்கு வந்தா சந்தோஷமா?"

"அப்ப அன்லைக் பண்ணிடுவேன் சார். எதிர்க்கட்சி யாரோ அவங்களுக்குத்தான் நம்ம சப்போர்ட்டு. ஆளுங்கட்சிக்கு எதுக்கு சார் சப்போர்ட்டு? அவங்களுக்குத்தான் போலீசு இருக்குதே."

எழுதிக்கொண்டேன். எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று புரியவில்லை.

"வீரம்மாள்னு ஒருத்தங்க எழுதுவாங்களே, அவங்களைத் தெரியுமா?" என்று கேட்டேன்.

அவன் முகம் மாறியது. "வீரம்மா அக்காவா? மொதல்ல நான்தான் சார் அவங்கள கண்டபடி திட்டுனது. ஆளுங்கட்சி 'கைகூலி'ன்னு எழுதுனேன். 'தம்பி, கைக்கூலியில் க் வராதா என்று உங்கள் வாத்தியாரைக் கேளுங்கள்'னு பதில் போட்டாங்க. பசங்க எல்லாம் ஓட்டு ஓட்டுன்னு ஓட்டிட்டானுங்க. அப்புறம் பாதிப் பேரு அந்தப் பேஜுக்கு வர்றதே அக்கா இன்னா போட்டுருக்காங்கன்னு பாக்கத்தான் சார். எங்க போனாங்கன்னு தெரியல."

"அவங்க ஜெகதீசனுக்கு ஆதரவா, எதிர்ப்பா?"

அவன் வெகுநேரம் யோசித்தான். "அது... அவங்க வேற சார்."

வானூர்ப் பக்கம் ஒரு கட்டட வேலை நடக்கும் இடத்தில் முனியம்மாளைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். சித்தாள் வேலை. கையைத் துடைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். அவர் கணக்கில் நண்பர்கள் மூன்று பேர். விருப்பமான பக்கம் ஒன்றே ஒன்று, ஜெகதீசன்.

"இவரு யாரு சார்? ஒங்க அண்ணனா?"

"இல்ல. நீங்க இவருக்கு ஆதரவாளர்னு இதுல இருக்கு."

"நானா? எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷமா."

பக்கத்தில் மணல் சலித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "சொல்லவே இல்லியேடி, பெரிய ஆளாயிட்ட," என்றாள்.

முனியம்மாள் படத்தை உற்றுப் பார்த்தார். "நல்லவரா சார்?"

"தெரியாதும்மா."

"நிக்கிறாரா?"

"நிக்கலாம்."

"சரி போட்டுடறேன். ரெண்டு வருஷமா இடுப்புலயே இருந்துகினு இருக்காரு, பாவம்."

ஆதரவாளராக இருந்தபோது அவருக்குத் தெரியாது. நான் போய்க் கேட்டதால் ஆதரவாளர் ஆனார். கணக்கெடுக்கப் போனவன் கணக்கை மாற்றிவிட்டு வந்திருந்தேன். இதற்குப் பாடப்புத்தகத்தில் ஒரு பெயர் உண்டு. அது நினைவுக்கு வரவில்லை.

போனை எங்கே வாங்கினார் என்று கேட்டதற்குத் திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே சின்னதுரை கடை என்றார். அதே கடையை அதற்கு முன்பும் சிலர் சொல்லியிருந்தார்கள். நடுத்தர வயதுக்காரர்கள், பெண்கள், கூலிக்காரர்கள், எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள். துபாய் இளைஞர்களோடு சேராமல் தனியாக நின்ற கூட்டம் அது.

சின்னதுரை கடை மிகச் சிறியது. பேருந்துகள் நிற்கும் இடத்துக்கு எதிரே. ரீசார்ஜ், மெமரி கார்டில் பாட்டு ஏற்றுவது, பழுது பார்ப்பது. முப்பத்தைந்து வயது ஆள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று அப்போது புரியவில்லை.

"ஆமா சார், நான்தான் போட்டுக் குடுக்கறது," என்றார். "போன் வாங்கறவங்க ஃபேஸ்புக்கும் வச்சுக் குடுன்னு கேப்பாங்க. தொறந்தா உள்ள ஒண்ணும் இருக்காது, வெறிச்சுன்னு. அப்பிடியே எப்பிடிக் குடுக்கறது? பக்கத்து வூட்டுப் பாத்திரத்த நாம வெறுமனே திருப்பித் தருவமா? ரவ சக்கரையாவது போட்டுத்தான தருவோம்? அதான். முருகனக் கும்புடறவங்களுக்கு மயிலம் முருகன் படம், உங்க ஆளுங்களுக்கு மாதா, பாய்ங்களுக்கு மெக்கா. ரெண்டு பாட்டு. அதோட ஜெகதீசன் அண்ணன்."

"ஜெகதீசன் எதுக்கு?"

"கரண்டு எப்பப் போவும்னு அவரு பேஜுலதான சார் தெரியும். சார்ஜு போட்டுக்கலாம்ல."

"நீங்க அவருக்கு ஓட்டுப் போடுவீங்களா?"

"எனக்கு ஓட்டு செஞ்சியில சார்."

எத்தனை பேருக்கு அப்படி லைக் போட்டிருப்பார் என்று கேட்டேன். கணக்கு வைத்துக்கொள்ளவில்லை என்றார். போன் வாங்கியவர்களுக்கு எல்லாம் என்றார். பேசிக்கொண்டே யாருடைய போனையோ கழற்றினார். நான் கடைசியாக வீரம்மாளைக் கேட்டேன். அந்தக் கணக்கையும் அவர்தான் திறந்து கொடுத்தாரா, அது யார்.

சின்னதுரை தலையை நிமிர்த்தினார்.

"வெளாடுறீங்களா சார்?"

"இல்ல. அவங்களைத் தேடிக்கினு இருக்கேன்."

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "சார்... அது உங்க வீட்டம்மா சார். டீச்சரம்மா."

ஒரு புதுச்சேரி பேருந்து வந்து நின்றது. ஆட்கள் ஏறினார்கள். நடத்துநர் பெயர்களைக் கத்தினார். பேருந்து போனது.

"சொந்தப் பேருல வேணாம், பள்ளிக்கூடத்துல பேஜாராயிடும்னாங்க. வேற பேரு சொல்லுங்கன்னேன். வீரம்மாள்னு போடுன்னாங்க. யாரும்மா அது, உங்க சொந்தமான்னு கேட்டேன். சிரிச்சாங்க. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சிக்கினு இருந்தேன் சார்."

எங்கள் வீட்டிலோ அவள் வீட்டிலோ வீரம்மாள் என்று யாரும் இல்லை.

"அவளுக்கும் நீங்கதான் அந்த லைக்கைப் போட்டீங்களா?"

"போட்டுத்தான் சார் குடுத்திருப்பேன். எல்லாருக்கும் போடுவேனே." பிறகு, "இல்ல, அவங்களே போட்டுக்கறேன்னு சொன்னாங்களா? ஞாபகம் இல்ல சார். பொய் சொல்லக் கூடாது. ஞாபகம் இல்ல."

வீட்டுக்குப் போனேன். ஜாக்குலினின் போன் பீரோவில் அணைந்து கிடந்தது. அதை எடுக்கவில்லை. என் மடிக்கணினியில் ஜெகதீசன் பக்கத்தைத் திறந்து பின்னோக்கிப் போனேன்.

நிறைய எழுதியிருந்தாள். பெரும்பாலும் பள்ளி விட்டு மேம்பாலத்துக்குக் கீழே பேருந்துக்கு நிற்கும் நேரத்தில். வெயில், மழை, கூட்டம் எல்லாம் அதில் இருந்தது. "சார், பஸ் ஸ்டாண்ட் கட்டுவேன் என்கிறீர்கள். நான் நிற்கும் இடத்தில் ஒரு நிழல் மட்டும் போடுங்கள், ஸ்டாண்டை என் பேரன் பார்த்துக்கொள்வான்." ஜெகதீசன் கைதாகி மாலையில் விடுதலையான செய்திக்கு: "மண்டபத்தில் மதியம் சாப்பாடு என்ன சார்?" ஆளுங்கட்சிக்காரன் ஒருவன் அவரைக் கேவலமாக எழுதியபோது மட்டும் வேறு மாதிரி இருந்தாள். "இவர் தப்பு செய்தால் நேரில் போய்க் கேட்க முடியும். உங்கள் ஆளைப் பார்க்க எந்த ஊருக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்?" அதற்கு அறுநூறு லைக்.

கடைசியாக எழுதியது அவர் பிறந்த நாளுக்கு. "நூறாண்டு வாழ்க சார். அதில் பாதி நாளாவது கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்." அடுத்த மாதம் காய்ச்சல் வந்தது.

எனக்கு அந்தக் குரல் தெரியவில்லை. வீட்டில் அவள் குறைவாகப் பேசுவாள். நானும் அப்படித்தான். அதனால்தான் எங்களுக்கு ஒத்துப்போகிறது என்று நினைத்திருந்தேன். போன தேர்தலில் இருவரும் சேர்ந்து போய் ஓட்டுப் போட்டோம். வரும் வழியில் நான் யாருக்குப் போட்டேன் என்று கேட்டாள். சொன்னேன். "ம்" என்றாள். நீ என்று கேட்டேன். "வெயில் தாங்கல, சர்பத் குடிக்கலாம்" என்றாள். குடித்தோம்.

எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகும் அவளை எந்தக் கட்டத்திலும் போட முடியவில்லை.

மனுத்தாக்கலுக்குக் கடைசி நாளின் முந்தைய தினம் காலையில் ஜெகதீசன் வீட்டுக்குப் போனேன். மேஜை மேல் பூர்த்தி செய்த மனு இருந்தது. டீச்சர் பள்ளிக்கு லீவு போட்டிருந்தார். கதவருகே நின்றுகொண்டார்.

கிடைத்ததைச் சொன்னேன். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் முப்பது வயதுக்குள் இருக்கும் ஆண்கள். பாதிப் பேருக்கு இந்தத் தொகுதியில் ஓட்டு இல்லை, அல்லது எங்கேயும் இல்லை. எழுதாதவர்கள் வயதானவர்கள், பெண்கள், கூலிக்காரர்கள். அவர்களுக்கு ஓட்டு இருக்கிறது, ஆனால் பலருக்குத் தாங்கள் ஆதரவாளர்கள் என்று தெரியாது. உங்களைப் பிடித்தவர்கள் ஓட்டுப் போட மாட்டார்கள். உங்களைத் தெரியாதவர்களில் சிலர் போடுவார்கள்.

"இன்னாப்பா குழப்புற. நிக்கலாமா வேணாமா?"

"அது எனக்குத் தெரியலீங்க."

"அந்தம்மா?"

"அது என் மனைவிங்க. ஜாக்குலின். மழைக்காலத்துல இறந்துட்டா. எனக்கே இப்பத்தான் தெரியும்."

டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டார். "நம்ம ஜாக்குலினா? ஸ்டாஃப் ரூம்ல ஒரு வார்த்த பேசாதே அது! எதிர்ல ஒக்காந்துகினு போன நோண்டும். ஜெபம் படிக்குதுன்னு இல்ல நெனச்சேன்."

ஜெகதீசன் கையிலிருந்த போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். கீழே உரக்கடையில் மூட்டை இறக்கினார்கள்.

"செரி," என்றார். "நீ புருஷன். நீ சொல்லு. இருந்திருந்தா அந்தப் பொண்ணு எனக்கு இன்னா சொல்லியிருக்கும்?"

டீச்சர் என்னையே பார்த்தார். அவருக்கு வேண்டியது ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அந்த மனு அந்த மேஜையிலேயே கிடக்கும். யாரும் சரிபார்க்க முடியாது.

"சொல்லு தம்பி. வேணாம்னுதான சொல்லியிருக்கும்? அது புத்திசாலிப் பொண்ணு."

வாயைத் திறந்தேன். அவள் குரலில் அந்த வார்த்தையைக் கேட்டுப் பார்த்தேன். வேணாம் சார். பொருந்தியது. நில்லுங்க சார். அதுவும் பொருந்தியது.

"தெரியாது டீச்சர்."

"ஒரு அந்தாசா சொல்லேன்பா," என்றார் ஜெகதீசன்.

"தெரியாதுங்க. மூணு வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம். எனக்குத் தெரியாது."

ஜெகதீசன் எழுந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டார். மேஜையிலிருந்த மனுவை எடுத்து மடித்தார், மறுபடி பிரித்தார், டீச்சரிடம் நீட்டினார்.

"எங்கியாவது வையி."

"எங்கங்க?"

"எங்கியாவது வைன்னு சொல்றேன்ல. ஒரு பொண்ணத் தெரியும்னு நெனச்சி அத நம்பி நிக்கலாம்னு இருந்தேன். கட்டுனவனுக்கே தெரியலையாம். மீதிய நான் எங்க போய்த் தெரிஞ்சிக்கறது." படியில் இறங்கியவர் பாதியில் நின்றார். "டீ குடிக்கிறியா அருணு? கொடிக்கம்பத்துகிட்ட தாத்தா கடையில நல்லா இருக்கும்."

போனேன். டீ குடித்தோம். அவர் மழையைப் பற்றிப் பேசினார்.

மறுநாள் அவர் பக்கத்தில் ஒரே வரி வந்தது. "இம்முறை நான் போட்டியிடவில்லை. கழகத்தோடு இருப்பேன்." மாலைக்குள் அதற்கு மூவாயிரம் லைக். அந்தப் பக்கத்தில் எதற்கும் அவ்வளவு வந்ததில்லை. அப்போது முகநூலில் அந்த ஒரு பொத்தான்தான். சிரிப்புக்கும் அழுகைக்கும் தனித்தனியாகப் பிறகுதான் வந்தது.

ஜெகதீசன் போன் செய்தார். "இன்னா அருணு இது? நிக்கலன்னு சந்தோஷப்படறானா, வருத்தப்படறானா?"

"தெரியலீங்க."

"விலைய விட ஜாஸ்தியா இருக்குதேப்பா."

அந்த வரிக்குக் கீழே இன்னாசிராஜ் எழுதியிருந்தான்: "வீரம்மா அக்கா எங்கே? இதற்கு ஒன்று சொல்லுங்கள்." அதற்கு ஜெகதீசனே பதில் போட்டிருந்தார். மகள் எழுதியதில்லை, எழுத்துப் பிழையிலிருந்து தெரிந்தது. "சகோதரி காலமாகிவிட்டர்." பெயரோ ஊரோ போடவில்லை.

அதற்கும் லைக் விழுந்துகொண்டிருந்தது. நானூறு. நானூற்றுப் பத்து. அவள் இறந்ததற்கு நானூற்றுப் பத்துப் பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். முதலில் எனக்குக் கோபம் வந்த மாதிரி இருந்தது. பிறகு அது கோபம்தானா என்று தெரியவில்லை. மாதக்கணக்கில் எதுவும் வராமல் இருந்ததால் அடையாளம் தெரியவில்லை.

கேட்டால்தான் தெரியும். பெயர்களைத் திறந்தேன். முதலில் இருந்தது ஜெகதீசன் முகம் வைத்த ஒருவர். ஆணா பெண்ணா தெரியவில்லை. செய்தி எழுதினேன். "வணக்கம். வீரம்மாள் இறந்த செய்திக்கு லைக் போட்டிருக்கிறீர்கள். ஏன் என்று தெரிந்துகொள்ளலாமா?"

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "நீங்க யாரு?"

இதுவரை சர்வே எடுக்கும்போது கல்லூரிப் பெயரைப் போட்டு வந்தேன். அதைத் தட்டி அழித்தேன்.

"அவருடைய கணவர்."

எதிர்ப்பக்கம் எழுதுவது போலப் புள்ளிகள் வந்தன, நின்றன, மறுபடி வந்தன. வெகுநேரம் எழுதினார். கடைசியில் ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது. நீலமாக, பெரிதாக.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அடுத்த பெயரைத் திறந்தேன்.